நீமா 23 க்ளோஸ்டு லூப் கிட்: மோட்டார் ஓகே, சப்ளை சொதப்பல்

வீட்டு ஷெட்டில் இருக்கும் சின்ன மில்லிங் மெஷினை சிஎன்சியாக்க (கம்ப்யூட்டர் சொல்படி ஓட வைக்க) ஓசூரில் ஒரு கடையில் இந்தக் கிட்டை எடுத்தேன்: நீமா 23 அளவு ஸ்டெப்பர் (படிப்படியாகச் சுழலும் மோட்டார்), அதை ஓட்டும் டிரைவர், பவர் சப்ளை. மோட்டார் அருமை, ஸ்டெப் தவறினால் என்கோடரை (சுழற்சியை அளக்கும் சென்சார்) பார்த்து டிரைவரே சரிசெய்கிறது, முடியாவிட்டால் அலாரம் கொடுத்து நிற்கிறது, சாதா ஸ்டெப்பர் மாதிரி தெரியாமலே ஜாப்பைக் கெடுப்பதில்லை. ஆனால் கூடவே தந்த 24 வோல்ட் சப்ளை இருக்கிறதே, சுத்தக் கஞ்சத்தனம். ஸ்டெப்பரில் வேகம் கூடக் கூட டார்க் (சுழற்றும் விசை) இறங்கும், அதைத் தாங்கிப் பிடிப்பது வோல்டேஜ்தான். அதிகபட்சம் 50 வோல்ட் தாங்கும் டிரைவர் என்றால் 36 வோல்ட் சப்ளை போடுங்கள். 48 வைத்தால் மோட்டார் சட்டென்று நிற்கும்போது திருப்பி அனுப்பும் வோல்டேஜுக்கு இடமிருக்காது. அப்புறம், பால் ஸ்க்ரூ (குண்டுகள் மேல் உருளும், உராய்வு குறைந்த திருகு) போடுகிறவர்கள் இசட் அச்சுக்கு (ஹெட் மேலும் கீழும் போகும் திசை) பிரேக் வைத்த மோட்டாராகக் கேட்டு வாங்குங்கள், இல்லாவிட்டால் கரண்ட் போனால் ஹெட் தானாக இறங்கிவிடும் (நம்ம ஊர் கரண்டைப் பற்றிச் சொல்லவா வேண்டும்). கேபிள் ஷீல்டு போட்டது, குறையில்லை.