கிட்டும் எங்கள் 'வாட்' ஃபைலும்

தென்காசியிலிருந்து சேக்காளி ஒருத்தன் போன வாரம் போன் போட்டான். "ஏல, ஃபைல் பேர மாத்துனா பழைய ஹிஸ்டரி போயிருமால? கிட் எம்வி போட்டா போதுமா?" கிட் என்பது கோட் ஃபைல்களில் யார், எப்போது, எதை மாற்றினார்கள் என்ற ஹிஸ்டரியை வைத்திருக்கும் சாஃப்ட்வேர்; எம்வி அதில் பெயர் மாற்றும் கட்டளை. பதில் சொல்ல ஆரம்பித்தால் பழைய எரிச்சலெல்லாம் மேலே வந்துவிட்டது.

பாளையங்கோட்டையில் எங்களுடையது சின்ன ஆபீஸ். பாத்திரக்கடை, ரைஸ் மில்களுக்கு பில்லிங் சாஃப்ட்வேர். 2016-ல், இதே வேலையைச் செய்யும் பழைய சாஃப்ட்வேரான சப்வெர்ஷனை விட்டு கிட்டுக்கு வந்தோம். வேகத்திலும் பிராஞ்சிலும் (தனிக் கிளை பிரித்து வேலை செய்வது) குறையே கிடையாது. நெட் போனாலும் கமிட் (மாற்றத்தைப் பதிவு செய்வது) நிற்காது.

வரிக் கணக்கு போடும் ஃபைலுக்குப் பெயர் 'வாட்'. 2017 ஜூலை 1-ல் வாட் வரிக்குப் பதில் ஜிஎஸ்டி வந்தது. உள்ளே இருந்த கணக்கை ராவோடு ராவாக மாற்றினோம். பெயரை மாற்ற யாருக்கு நேரம்? அப்புறம் வேலைக்குச் சேர்ந்த ஒவ்வொரு பையனும், "அண்ணாச்சி, ஜிஎஸ்டி ஃபைல் எங்க?" என்பான். "வாட்டுக்குள்ள பாருலே" என்பேன். போன வருஷம் பொறுக்க மாட்டாமல் பெயரை மாற்றினேன். அதோடு விட்டேனா? அதே கமிட்டில் ஃபங்ஷன்களையும் உடைத்து எழுதித் தொலைத்தேன்.

பிறகு ஒரு கடை பில்லில் ரவுண்டிங் பைசாக்கணக்கில் இடித்தது. ரவுண்டிங் செய்யும் அந்த கோட் வரியை யார் எதற்கு எழுதினார்கள் என்று பிளேம் (ஒவ்வொரு வரியையும் கடைசியாக மாற்றியவரைக் காட்டும் கட்டளை) போட்டால் மேலிருந்து கீழ்வரை என் பெயர்! கமிட்களைப் பட்டியலிடும் லாக்கில், பழைய பெயரையும் தொடரச் சொல்லி ஃபாலோ போட்டாலும் பெயர் மாற்றிய நாளோடு கதை முடிந்தது.

கிட் பெயர் மாற்றத்தைக் குறித்து வைப்பதே இல்லை. கிட் எம்வி என்பதும் பழையதை எடுத்துப் புதியதைச் சேர்க்கிற குறுக்குவழிதான். நாம் கேட்கும்போது ஊகிக்கும்: போன ஃபைலும் வந்த ஃபைலும் 50 சதவீதம் ஒத்திருந்தால் இரண்டும் ஒன்று. ஊருக்கு வந்தவன் ஜாடையைப் பார்த்து "நீ இன்னார் மவன்லா?" என்று கேட்கும் திண்ணைத் தாத்தா மாதிரி. சப்வெர்ஷனில் மூவ் கொடுத்தால் எங்கிருந்து வந்தது என்று எழுதியே வைக்கும்.

நியாயமாகப் பார்த்தால் தப்பு என் மேல்தான்; கூடவே உள்ளேயும் மாற்றியதால் ஒற்றுமை 50-க்குக் கீழே போய்விட்டது. பெயரை மட்டும் தனி கமிட்டில் மாற்றியிருந்தால் 100 சதவீதம் ஒத்திருக்கும். அந்த 50 சதவீத வரம்பை 30-க்கு இறக்கித் தேடியதும் 2017 வரை அத்தனையும் வந்து நின்றது. காரணமும் கிடைத்தது: ஒரு மில்காரர் கேட்டதால் வரியை ஐட்டம் வாரியாக ரவுண்ட் பண்ணியிருக்கிறோம்.

ஒரு ஃபைல் பெயரில் இங்கிலீஷ் பெரிய எழுத்தைச் சின்ன எழுத்தாக்கியது தனிக்கூத்து. விண்டோஸில் கிட் கண்டுகொள்ளவே இல்லை. லினக்ஸ் சர்வரில் ஃபைலைக் காணோம். ஆசையாக 'ரசீது' என்று தமிழில் பெயர் வைத்தால், மாறிய ஃபைல்களைக் காட்டும் ஸ்டேட்டஸில் \340\256 என்று நம்பராகக் கொட்டியது. கிட்டின் கோர்.க்வோட்பாத் (core.quotePath) என்ற செட்டிங்கை ஃபால்ஸ் ஆக்கிய பிறகுதான் தமிழ் தெரிந்தது.

கிட்டை விடுவேனா? மாட்டேன். சேக்காளியிடம் மட்டும், "பேர மாத்தாதல, கெடந்துட்டுப் போவட்டும்" என்றேன். எங்களிடம் 'வாட் ரிப்போர்ட்' என்று இன்னொரு ஃபைல் இருக்கிறது. அதை நான் தொடப்போவதில்லை.