ரோபோவுக்கு இரண்டாவது பேட்டரி: சேர்த்துக் கட்டுவதா, தனியாக விடுவதா?

என் நான்கு சக்கர ரோபோ 7.4 வோல்ட் லித்தியம் பேட்டரி பேக்கில் ஓடுகிறது. அதே மாதிரி இன்னொன்றைப் பேரலலில் (பிளஸ்ஸோடு பிளஸ், மைனஸோடு மைனஸ்) சேர்த்தால் வோல்ட் மாறாது, ஓடும் நேரம் ஏறக்குறைய இரட்டிப்பாகும். ஒரே சார்ஜர் போதும், சார்ஜ் ஏறத்தான் இரு மடங்கு நேரம். வம்பு, இணைக்கும் அந்த நொடியில். ஒன்று 8.4 வோல்ட்டில் நிரம்பி, மற்றது 6.4-க்கு இறங்கியிருந்தால், சுற்றின் மொத்தத் தடை 0.2 ஓம் என்றாலே 10 ஆம்பியர் பாயும். ஒருமுறை அவசரத்தில் செருகிவிட்டேன்; 'சட்'டென்று பொறி, கனெக்டர் முனை கருகிவிட்டது. இப்போதெல்லாம் மல்டிமீட்டரில் பார்த்து, வித்தியாசம் 0.1 வோல்ட்டுக்குள் இருந்தால்தான் செருகுவேன். பழைய பேக்கோடு புதியதைச் சேர்க்கவே மாட்டேன்.

எனக்குப் பிடித்தது தனி வழிதான். மோட்டாருக்கு அந்த பேக், ரோபோவின் மூளையான ராஸ்பெர்ரி பை என்ற குட்டிக் கம்ப்யூட்டருக்கு ஒரு பவர் பேங்க். சக்கரம் நிலைப்படியில் முட்டி நிற்கும்போது மோட்டார் கரண்டை உறிஞ்சும், வோல்ட் சரியும்; ஆனாலும் பை ரீஸ்டார்ட் ஆகாது. இரண்டின் கிரவுண்ட் (மைனஸ்) வயரை மட்டும் பொதுவாக இணைக்க வேண்டும், இல்லாவிட்டால் மோட்டாரை ஓட்டும் 'மோட்டார் டிரைவர்' சர்க்யூட்டுக்கு பையின் சிக்னல் புரியாது. பவர் பேங்கை சார்ஜ் செய்ய போன் சார்ஜரே போதும். பைக்குப் பதில் வெறும் ஆர்டுயினோ நானோ (ஒரு சின்ன கன்ட்ரோலர் போர்டு) என்றால் கவனம்: அது இழுப்பது சொற்பக் கரண்ட், பல பவர் பேங்குகள் ஆளே இல்லையென்று நினைத்துத் தானாக அணைந்துவிடும்.