மரத்தரை போடப் போகிறீர்களா? அடியில் என்ன இருக்கிறது என்று பார்த்துவிட்டுப் பணம் கொடுங்கள்

எங்கள் குடியிருப்பின் பொது ஹாலுக்கு மரத்தரை போட்டு ஏமாந்திருக்கிறோம். சென்னையில் பழைய மகாபலிபுரம் சாலைப் பக்கம், தரைத்தளத்தில் இருக்கிற ஹால். காலையில் யோகா, மாலையில் பிள்ளைகளுக்கு பேட்மிண்டன், ஞாயிற்றுக்கிழமை வளைகாப்பு, பிறந்தநாள். ஆளாளுக்குப் பேசி சங்கத்தைச் சம்மதிக்க வைத்தவன் நான்தான்.

ஒப்பந்தக்காரர் கொண்டுவந்த சாம்பிள் முழு மேப்பிள் கட்டை, 20 மி.மீ. கனம். கூடைப்பந்து அரங்குகளில் போடுகிற மரம், தேக்கைவிடக் கடினம் என்றார். அது உண்மைதான். மரத்தின் கடினத்தைச் சொல்லும் ஜாங்கா அளவில் தேக்கு 1,000-ஐ ஒட்டி வரும், ஹார்ட் மேப்பிள் 1,450. அதைக் கேட்டதும் வேறு எதையும் கேட்கத் தோன்றவில்லை. வந்து இறங்கியதோ மேலே 3 மி.மீ. மேப்பிள், கீழே முழுக்க பிளைவுட். விரித்து முடித்த பிறகு மேலிருந்து பார்த்தால் வித்தியாசமே தெரியாது. கொட்டேஷனில் ‘மேப்பிள் மரத்தரை’ என்று மட்டும்தான் இருந்தது. கனம் எழுதவில்லை, முழு மரமா ஒட்டுப்பலகையா என்றும் எழுதவில்லை.

சித்திரையில் வேலை முடிந்தது. ஐப்பசி அடைமழையில் ஹாலின் நடுவே இரண்டு வரிசைப் பலகைகள் ஒன்றையொன்று முட்டி, கூரை முகடு போல எழும்பிவிட்டன. ஆடிக்கொண்டிருந்த பையன் தடுக்கி விழுந்தான். முழங்காலில் நான்கு தையல்.

தெரிந்த ஆசாரியை அழைத்து வந்தோம். சுவரோர ஸ்கர்ட்டிங்கைக் கழற்றினார். பலகை சுவரை இடித்துக்கொண்டு நின்றது, நகம் நுழைய இடமில்லை. ஈரத்தில் மரம் உப்பும், அதற்குச் சுற்றிலும் இடம் விட வேண்டும். பெரிய மேப்பிள் அரங்குகளில் 50 மி.மீ. வரை விடுவார்கள். அப்புறம் ஒரு பலகையை நெம்பினார். கீழே வெறும் கான்கிரீட், பாலிதீன் ஷீட்டே விரிக்கவில்லை. பலகையின் அடிப்பக்கம் கறுத்து, குப்பென்று பூசண வாடை. “தரையோட ஈரத்த எல்லாம் இதுதான் சார் குடிச்சிருக்கு” என்றார்.

ஒப்பந்தக்காரர் வாரண்டி அட்டையைக் காட்டினார். ஈரத்தால் வரும் சேதம் அதில் சேராதாம். முழு மரமாக இருந்தால் காயவிட்டு, இழைத்து, பாதியையாவது காப்பாற்றியிருக்கலாம். 3 மி.மீ.-ல் எதை இழைப்பது?

அட்வான்ஸ் கொடுப்பதற்கு முன் இதைச் செய்யுங்கள். கான்கிரீட்டின் மேல் ஒன்றரை அடிச் சதுரத்துக்குக் கண்ணாடி போன்ற பாலிதீன் ஷீட்டை வைத்து, நாலு பக்கமும் டேப் ஒட்டி, ஒரு ராத்திரி விடுங்கள். ஆசாரி எங்கள் ஹாலில் செய்து காட்டினார். காலையில் இட்லிப்பானை மூடி மாதிரி உள்ளே நீர் முத்து முத்தாக நின்றது. அப்படி நின்றால் மரம் போடவே விடாதீர்கள். கனம், மர வகை, அடியில் விரிக்கும் ஷீட், சுவரோர இடைவெளி எல்லாவற்றையும் கொட்டேஷனில் எழுதி வாங்குங்கள். ஒரு மழைக்காலம் தாண்டும் வரை கடைசித் தவணையைக் கொடுக்காதீர்கள். நாங்கள் வேலை முடிந்த அன்றே முழுப் பணத்தையும் கொடுத்துவிட்டோம்.

ஹால் இப்போது பூட்டிக் கிடக்கிறது. பிள்ளைகள் கார் நிறுத்துமிடத்தில் நெட் கட்டி ஆடுகிறார்கள்.