ஈ-தக்சலாவ: தமிழ்மொழி மூல மாணவருக்கு எவ்வளவு உதவும்?

இலங்கையில் 2021இல் சம்பள முரண்பாட்டுக்காக ஆசிரியர்கள் இணையவழிக் கற்பித்தலைப் புறக்கணித்தார்கள். 2022 மார்ச்சில் தாள் தட்டுப்பாட்டால் மேல் மாகாணத் தவணைப் பரீட்சைகள் தள்ளிப்போயின. ஜூனில் எரிபொருள் இல்லாமல் பாடசாலைகள் மூடப்பட்டன. இப்படி வகுப்பு நிற்கும்போதெல்லாம் பிள்ளைகளுக்கு அரசு காட்டிய இலவச வழிகளில் ஒன்று, கல்வி அமைச்சின் ஈ-தக்சலாவ என்ற இணையவழிக் கற்றல் தளம். தரம் 1 முதல் 13 வரை, மும்மொழியிலும் இருக்கிறது.

தமிழில் படிக்கும் பிள்ளைக்கு இதன் பெறுமதி காணொளிகளில் இல்லை. பாடநூல்களிலும் கடந்தகால வினாத்தாள்களிலும்தான். சிங்களத்தோடு ஒப்பிட்டால் தமிழ்க் காணொளிகள் குறைவு. அதோடு, 2022 மார்ச் இறுதியில் ஒரு நாளில் 13 மணிநேரம் மின்சாரம் வெட்டினார்கள். அப்படிப்பட்ட நாளில் காணொளியை நம்பி உட்கார முடியாது. பி.டி.எஃப். கோப்பை முன்கூட்டியே ஃபோனில் இறக்கிவைத்தால் டேட்டா இல்லாமலும் வாசிக்கலாம்.

பாடநூலை மட்டும் கல்வி வெளியீட்டுத் திணைக்களத் தளத்திலிருந்து எடுப்பது நல்லது. மொழி, தரம், பாடம் என்று தெரிவுசெய்தால் அலகு அலகாக வரும். இறக்கியதுமே கோப்பின் பெயரைப் பாடம், அலகு எண் என்று மாற்றிவிடுங்கள். இல்லாவிட்டால் பிறகு தேடிச் சலித்துப் போவீர்கள். பழைய எழுத்துருவில் அமைந்த தமிழ்க் கோப்புகளில் சொல்லைத் தட்டித் தேடினால் ஒன்றும் அகப்படாது, வெட்டி ஒட்டினால் குழம்பிய எழுத்துகளே வரும். பார்வைக் குறைபாடுள்ள பிள்ளைக்கு, திரையில் உள்ளதை வாசித்துச் சொல்லும் திரைவாசிப்பானும் கைகொடுக்காது. இது உண்மையிலேயே மனதை வருத்தும் குறை. எல்லாக் கருவிகளும் படிக்கக்கூடிய பொது எழுத்து முறையான யூனிகோடுக்கு மாற்றினால் தீரக்கூடியது.

உயர்தர வினாத்தாள் எடுப்பவர்கள் ஆண்டைக் கவனியுங்கள். புதிய பாடத்திட்டத்தின் முதல் பரீட்சை 2019இல் நடந்தது. அந்த ஆண்டுக்குப் பழையது, புதியது என இரண்டு தாள்கள் உண்டு. அவசரத்தில் பழையதை எடுத்தால், நீக்கப்பட்ட அலகுகளோடு மல்லுக்கட்ட வேண்டிவரும். வினாத்தாளோடு பரீட்சைத் திணைக்களத்தின் புள்ளித்திட்டத்தையும் தேடி எடுங்கள். கட்டமைப்புக் கட்டுரை வினாவில் எந்தப் படிக்கு எத்தனை புள்ளி என்பது அதில்தான் தெரியும்.

அச்சிடுவதென்றால் ஏ4 தாளின் ஒரு பக்கத்தில் இரண்டு பக்கங்கள், இருபுறமும். 120 பக்க நூல் 30 தாளில் முடியும். கணித நூலுக்கு இது சரிவராது; அடுக்குக்குறிகளும் பின்னங்களும் வாசிக்க முடியாதபடி சிறுத்துவிடும்.

ஆசிரியரின் இடத்தை இந்தத் தளம் நிரப்பாது. தரம் 5க்குக் கீழே உள்ள பிள்ளைக்குப் பெரியவர் ஒருவர் பக்கத்தில் இருந்தாக வேண்டும். சாதாரண தரத்துக்கும் உயர்தரத்துக்கும் தயாராகும் பிள்ளைகளுக்குத் தயங்காமல் பரிந்துரைக்கலாம்.