பங்குனியில் பூ பார்க்க: அரிட்டாபட்டியா, ராஜாஜி பூங்காவா?

பிள்ளைகளுக்குப் பூக்களைக் காட்டணும், அப்படியே கைவேலையும் செய்யணும் என்று நினைக்கும் மதுரைக்காரர்கள் இந்த இரண்டில்தான் தடுமாறுகிறார்கள்.

பூ: அரிட்டாபட்டிக்கு ஈடே இல்லை. 2022-இல் தமிழ்நாட்டின் முதல் பல்லுயிர் பாரம்பரியத் தலமாக, அதாவது பலவகை உயிரினங்களுக்காகக் காக்கப்படும் இடமாக அறிவிக்கப்பட்ட ஊர். ஆவாரை, எருக்கு, புங்கமரத்தடியில் உதிர்ந்த பூ எல்லாம் யாரும் நடாமல் வந்தவை. தும்பை போன்ற சிறு செடிகளுக்கு மழை முடிந்த மார்கழி, தைதான் நல்ல பருவம். பங்குனியில் புதரையும் மரத்தையும் பாருங்கள்.
பூங்காவில் நட்டு வளர்த்தவையே அதிகம்.

நடை: அரிட்டாபட்டியில் விடிந்ததும் தொடங்கிவிடுங்கள், வெயில் ஏறினால் பாறை சுடும். குடைவரைச் சிவன் கோயில், தமிழி என்ற பழைய தமிழ் எழுத்தில் கல்வெட்டுள்ள சமணர் குகை இரண்டையும் பார்த்துவிடலாம்.
பூங்காவில் சமதளம், பாட்டியும் கூட வரலாம்.

செலவு: அரிட்டாபட்டிக்கு மேலூர்ப் பக்கம் போகணும், வண்டி, தண்ணீர், சாப்பாடு எல்லாம் நம் பொறுப்பு.
பூங்கா காந்தி மியூசியம் பக்கத்தில். டவுன் பஸ் போதும்.

கைவேலை: இதில் பூங்காதான். நிழலில் உட்கார்ந்து வாழைநாரில் பூத்தொடுக்கக் கற்றுக்கொடுக்கலாம். உதிர்ந்த பூவைப் பழைய செய்தித்தாளுக்குள் வைத்து, மேலே கனமான புத்தகங்களை ஒரு வாரம் அடுக்கினால் வாழ்த்து அட்டைக்கு ஆகும். அரிட்டாபட்டியில் எதையும் பறிக்க வேண்டாம், படம் வரைந்தாலே போதும். எருக்கை மட்டும் பிள்ளைகள் தொடக்கூடாது; அதன் பால் கண்ணில் பட்டால் ஆபத்து.

அப்புறம் என்ன, எட்டு வயதுக்கு மேற்பட்ட பிள்ளைகள் என்றால் அரிட்டாபட்டி. கைக்குழந்தை, பெரியவர்கள் உடன் வந்தால் பூங்கா.