தலவாக்கலை வீதியில் இரண்டு நீர்வீழ்ச்சிகள்: அம்மாவுடன் போய் வந்தேன்

பதினொரு வருடங்களுக்குப் பிறகு இந்த ஆகஸ்டில் அம்மாவை ஊருக்குக் கூட்டிப் போனேன். இலங்கை மலையகத்தில், தலவாக்கலைப் பக்கத்துத் தேயிலைத் தோட்டமொன்றில் கொழுந்து பறித்தவர் அவர். கனடாவில் மூன்று தடவை நயாகராவுக்கு அழைத்துப் போயிருக்கிறேன். மூன்று தடவையும் ஊரில் உள்ள சென்கிளேயர் நீர்வீழ்ச்சியைப் பற்றித்தான் பேசினார். அதற்கு 'சின்ன நயாகரா' என்று பெயர் உண்டு என்பதால் மட்டும் அல்ல. மழைக் காலத்து இரவுகளில் லயத்தில் (தோட்டத் தொழிலாளர்களின் வரிசை வீட்டில்) படுத்தபடியே அதன் இரைச்சலைக் கேட்டு வளர்ந்தவர்.

வேன் வேண்டாம், பஸ்ஸிலேயே போகலாம் என்றார். அட்டனில் ஏறினோம். கைத்தடியைப் பார்த்ததும் கொண்டக்டர் தம்பி முன் சீட்டில் இடம் எடுத்துக் கொடுத்தார். டெவன் நீர்வீழ்ச்சியின் பார்வையிடத்துக்கு நேரே நிறுத்தி, அம்மா இறங்கி வீதியோரம் ஒதுங்கி நிற்கும் வரை பஸ்ஸை எடுக்கவில்லை. இந்தக் கவனிப்பை எந்த நாட்டிலும் காசு கொடுத்து வாங்க முடியாது.

டெவன் 97 மீட்டர் உயரம். பள்ளத்தாக்குக்கு அந்தப் பக்கம், தேயிலைக்கு நடுவே விழுகிறது. வீதியில் நின்றே பார்க்கலாம், ஒரு படி கூட இறங்க வேண்டியதில்லை. நடக்க முடியாதவர்களுக்கு இதைவிட வசதியான இடம் கிடையாது.

அங்கிருந்து சென்கிளேயருக்கு ஆட்டோ. சில கிலோமீட்டர்தான். அம்மா கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டே நின்றுவிட்டு, "தண்ணி எங்கடி?" என்றார். 80 மீட்டர் உயரத்தில், பாறை முழுக்கப் பரந்து விழுந்த அருவி அது. 2012இல் மேல் கொத்மலை நீர்மின் நிலையம் இயங்கத் தொடங்கியதில் இருந்து ஆற்றின் பெரும் பங்கு தலவாக்கலை அணைக்கட்டில் இருந்து சுமார் 13 கிலோமீட்டர் சுரங்கம் வழியாகப் போய்விடுகிறது. 150 மெகாவாட் மின்சாரம் நாட்டுக்குத் தேவைதான், மறுக்கவில்லை. பகலில் அருவிக்கென்று நீர் விடுகிறார்கள், ஆனால் பழைய அளவு இல்லை. போகிறவர்கள் வெளிச்சம் இருக்கும்போதே போய்விடுங்கள்.

அப்புறம், கழிவறை. இதற்காகத்தான் முக்கியமாக எழுதுகிறேன். பக்கத்தில் ஒரு கடையில் கேட்டோம். சாப்பிட்டால்தான் திறப்பு தருவோம் என்றார்கள். சரி என்று வடையும் பிளேன்டீயும் வாங்கினேன். திறந்து பார்த்தால் செங்குத்தான படி, பிடிக்கக் கம்பி இல்லை, குந்தி இருக்கும் கழிவறை, குழாயில் தண்ணீர் இல்லை. முழங்கால் மடக்க முடியாத அம்மா வாசலிலேயே நின்றுவிட்டார். அவர் முகத்தைப் பார்க்க எனக்குத் தாங்கவில்லை.

வீதியோரம் சோளம் அவித்து விற்ற பெண் ஒருவர் இதைக் கவனித்திருக்கிறார். அடுப்பை மகனிடம் விட்டுவிட்டு, "வாங்கம்மா, நம்ம வீடு மேலதான்" என்று கையைப் பிடித்துக் கூட்டிப் போனார். நடுவில் ஓட்டை போட்ட பிளாஸ்டிக் நாற்காலி ஒன்று அங்கே இருந்தது. அவருடைய மாமியாருக்காகச் செய்ததாம். வாளியில் சுடுதண்ணீரும் வைத்தார். காசு கொடுத்தேன், வாங்கவே இல்லை.

நாள் முழுக்க வேன்கள் வந்து நிற்கும் இடம் அது. உட்காரும் கழிவறை ஒன்று, சுவரில் ஒரு கம்பி, குழாயில் தண்ணீர். கட்டணம் வைத்தாலும் சந்தோஷமாகக் கொடுப்போம். பிரதேச சபைக்குக் கடிதம் எழுதி அனுப்பியிருக்கிறேன். அந்த வழியால் போகும் நம்மவர்களும் ஆளுக்கொரு கடிதம் எழுதுங்கள்.

ஞாயிற்றுக்கிழமை கொழும்புக்குப் புறப்படுகிறோம். அதற்கு முன்னால் அந்தப் பெண்ணுக்கு ஒரு கம்பளி வாங்கிக் கொடுக்க வேண்டும் என்று அம்மா காலையில் இருந்து சொல்லிக்கொண்டிருக்கிறார்.