நாய் சரியாகக் குரைக்கிறதா? விவால்டியின் 'நான்கு பருவங்கள்', சில பதிவுகள்

இத்தாலிய இசையமைப்பாளர் விவால்டியின் 'நான்கு பருவங்கள்', பருவத்துக்கு ஒன்றாக நான்கு வயலின் கான்செர்ட்டோக்கள் (தனி வாத்தியத்துக்கும் குழுவுக்குமான இசை). யார் வாசித்த பதிவாக இருந்தாலும், நான் முதலில் போய் நிற்பது வசந்தத்தின் இரண்டாம் பகுதியில்தான். அங்கே ஒரு நாய் இருக்கிறது.

1725-ல் ஆம்ஸ்டர்டாமில் இந்த நான்கு கான்செர்ட்டோக்களும் அச்சானபோது, ஒவ்வொன்றோடும் 14 வரியில் ஒரு கவிதையும் சேர்ந்து வந்தது. எழுதியவர் விவால்டியாகவே இருக்கலாம், உறுதியில்லை. வசந்தக் கவிதையில் ஆட்டுக்காரன் புல்வெளியில் தூங்குகிறான், பக்கத்தில் அவன் நாய். தனி வயலின்தான் ஆட்டுக்காரன். மற்ற வயலின்கள் இலைகளின் சலசலப்பு. வயலினைவிடச் சற்றுப் பெரிய வியோலாக்கள்தான் நாய்: ஒரே ஸ்வரம் இரண்டு முறை, சின்ன இடைவெளி, மறுபடியும் இரண்டு முறை. கீழ்ஸ்தாயி தந்தி வாத்தியமான செல்லோவும், பியானோவுக்கு முன்னோடியான ஹார்ப்சிகார்டும் இந்தப் பகுதி முழுக்க வாயே திறப்பதில்லை. வியோலாவுக்கு விவால்டி எழுதி வைத்த குறிப்பு இது: எப்போதும் மிக உரக்க, பிய்த்தெடுப்பதுபோல வாசிக்க வேண்டும்.

இவ்வளவு தெளிவாகச் சொல்லியும் பலர் கேட்பதில்லை. ஃபெலிக்ஸ் ஆயோ தனி வயலின் வாசிக்க, இ மூசிச்சி குழு 1959-ல் செய்த பதிவு உலகம் முழுக்க வீடுகளுக்குள் நுழைந்த ஒன்று. இசை நடத்துநர் இல்லாத ரோம் நகரக் குழு. ஒலி தேன்மாதிரி இருக்கும், ஆயோவின் வில் எங்கேயும் அவசரப்படாது. ஆனால் நாய்? வீட்டுக்கார அம்மாவுக்குப் பயந்து முனகும் நாய். ஆட்டுக்காரன் தூக்கம் கெடவே கெடாது. பத்து வருடம் கழித்து லண்டனில் வயலின் கலைஞர் ஆலன் லவ்டேயை வைத்து இசை நடத்துநர் நெவில் மரினர் செய்த பதிவு இதைவிடச் சுறுசுறுப்பு. சைமன் பிரெஸ்டன் ஹார்ப்சிகார்டையும் ஆர்கனையும் மாற்றி மாற்றி வாசிப்பதால் பின்னணிக்கு ஒரு புது நிறம் வருகிறது. கச்சிதமான வேலை. அதற்குமேல் எனக்குச் சொல்ல ஒன்றுமில்லை.

1990-களில் மிலான் நகரத்து இல் ஜியார்தினோ அர்மோனிகோ குழுவும் வயலின் கலைஞர் என்ரிகோ ஓனோஃப்ரியும் வந்தார்கள். ஆட்டுக் குடலில் முறுக்கிய தந்தி, பழைய பாணி வில். இங்கே நாய் நிஜமாகவே குரைக்கிறது. முதல் தடவை கேட்டபோது ஹெட்போன் கிழிந்துவிட்டது என்று நினைத்தேன். குடல் தந்தியில் வில்லை அழுத்திப் பிராண்டும்போது ஸ்வரத்தோடு ஒரு கரகரப்பும் வரும். உலோகத் தந்தியில் அது அவ்வளவு சுலபமாகக் கிடைக்காது. குளிர்காலத் தொடக்கத்திலும் வில்லைக் குதிரைக்கு (தந்திகளைத் தாங்கும் மரத்துண்டு) பக்கத்தில் வைத்து இழுக்கிறார்கள். சத்தத்தில் சதையே இல்லை, வெறும் எலும்பு நடுக்கம். இதற்குச் சற்று முன்னால் வயலின் கலைஞர் ஃபாபியோ பியோண்டி செய்த பதிவும் இதே வழிதான், கொஞ்சம் நிதானம் கூடுதல்.

சரி, அப்படியானால் பழையதைத் தூக்கிப் போட்டுவிடலாமா? என்னால் முடியவில்லை. காரணம், குளிர்காலத்தின் இரண்டாம் பகுதி. 18 பார் (தாள அளவு) மட்டுமே உள்ள சின்னத் துண்டு. வெளியே மழை, அதற்கு வயலின்கள் விரலால் தந்தியைச் சுண்டுகின்றன. உள்ளே கணப்புப் பக்கத்தில் ஒருவர் சுகமாக உட்கார்ந்திருக்கிறார், அதுதான் தனி வயலினின் பாட்டு. புதிய பதிவுகளில் மழை வேகமாக அடிக்கிறது, பாட்டுக்கு ஏகப்பட்ட அலங்காரம். கணப்புப் பக்கம் உட்கார்ந்த ஆள் அடிக்கடி எழுந்து ஜன்னலைப் பார்ப்பதுபோல எனக்குப் படுகிறது. ஆயோ எழுந்திருப்பதேயில்லை. அவர் வேகம் விவால்டி காலத்து வேகமாக இருக்காது என்று தெரிந்தும், இந்த ஒரு இடத்தில் நான் அவர் பக்கம்.

1989-ல் வந்த வயலின் கலைஞர் நைஜல் கென்னடியின் பதிவு 20 லட்சத்துக்குமேல் விற்றது. கோடைப் புயலில் அவர் வேகம் இன்னும் கிறுகிறுக்க வைக்கிறது. மற்றபடி அதைத் திரும்பத் திரும்பப் போடத் தோன்றுவதில்லை.

பிரித்து மேய்ந்தவர்கள் தனி ரகம். இசையமைப்பாளர் மாக்ஸ் ரிக்டர் 2012-ல் வயலின் கலைஞர் டேனியல் ஹோப்பை வைத்து 'மறு ஆக்கம்' செய்தார். மூலத்தில் முக்கால்வாசியைத் தூக்கிப் போட்டதாக அவரே சொல்லியிருக்கிறார். வசந்தத்தில் எல்லோருக்கும் தெரிந்த அந்த முதல் மெட்டு போய்விட்டது. பறவைகள் மட்டும் மிச்சம், சுற்றிச் சுற்றி வருகின்றன. குளிர்காலத்தின் முதல் பகுதியில் எட்டில் ஒரு எண்ணிக்கையைப் பிடுங்கி ஏழாக்கிவிட்டார். அடுத்த அடி வரும் முன்பே கால் தடுக்குகிறது. ஏழு எண்ணிக்கைத் தாளமான மிஸ்ர சாபுக்குப் பழகிய காதுக்கு இது அதிர்ச்சியில்லை, நன்றாகவே உட்கார்கிறது. அழகுதான். ஆனால் நாலைந்து தடவை கேட்டபின் இனிப்பு கொஞ்சம் தூக்கல்.

எனக்கு அதைவிடப் பிடித்த விளையாட்டு வேறு. அர்ஜென்டினாவின் இசையமைப்பாளர் பியாசோலா 1965 தொடங்கித் தன் ஐவர் குழுவுக்காக எழுதிய டாங்கோப் பருவங்கள் நான்கு. அவற்றை இசையமைப்பாளர் லியோனிட் டெஸ்யாட்னிகோவ், வயலின் கலைஞர் கிடோன் கிரேமருக்காகத் தந்திக் குழுவுக்கு மாற்றினார். போகிற போக்கில் விவால்டியையும் உள்ளே நுழைத்தார். அர்ஜென்டினாவின் தலைநகர் பூவெனோஸ் ஐரிஸ் பூமத்திய ரேகைக்குத் தெற்கே இருக்கிறது அல்லவா? அங்கே கோடை என்றால் இத்தாலியில் குளிர்காலம். அதனால் பியாசோலாவின் கோடைக்குள் விவால்டியின் குளிர்காலம் எட்டிப் பார்க்கிறது. கேட்டதும் சிரிப்பு வந்துவிடும்.

ஒன்றே ஒன்றுதான் என்றால் இல் ஜியார்தினோ அர்மோனிகோவை எடுங்கள். இரவு பத்து மணிக்குமேல் ஜன்னலைத் திறந்து வைத்துக்கொண்டு மட்டும் போடாதீர்கள். எங்கள் தெருவில் பதில் வந்துவிட்டது.